சாலைக்குக் கொடுத்த பணமா, அரசுக்குக் கட்டிய வரியா?

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையோர ஷோரூம்களில் புது வண்டிக்கு விலை கேட்டால் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். மேலே எக்ஸ் ஷோரூம் விலை, அதற்குக் கீழே இன்சூரன்ஸ், லைஃப் டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், அடியில் எல்லாம் கூட்டிய ‘ஆன் ரோடு’ விலை. 2023 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி 90,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 300 ரூபாய். 8 லட்ச ரூபாய் காருக்கு 13 சதவீதம், 1,04,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 600 ரூபாய். 25 லட்ச ரூபாய் காருக்கு 20 சதவீதம், 5 லட்சம் ரூபாய். பதிவுக் கட்டணம் அப்போதும் அதே 600தான். வாங்குபவரும் விற்பவரும் இந்த இரண்டையும் சேர்த்து ‘ரோடு டாக்ஸ்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு வண்டி பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது ஃபாஸ்டேகில் இன்னொரு தொகை கழிகிறது. ‘ரோடு டாக்ஸ்தான் கட்டியாச்சே, டோல் எதுக்கு?’ என்ற கேள்வி அங்கே எழுகிறது. நியாயமான கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால் முதலில் அந்த ஒற்றைப் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே வண்டிக்கு நாம் மூன்று விதமாகப் பணம் கட்டுகிறோம். ஆர்.டி.ஓ. அலுவலகம் செய்யும் வேலைக்கு ஒன்று, வண்டி வைத்திருப்பதற்கு ஒன்று, சாலையில் ஓட்டுவதற்கு ஒன்று. இந்த மூன்றும் ஒன்றன் வேடத்தை மற்றொன்று போட்டுக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வரி எது, கட்டணம் எது என்பதற்கு நாடு முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு நம் மாநிலத்தில் பிறந்த வழக்கிலிருந்து வந்தது; மோட்டார் வண்டிக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அன்றைய சென்னை மாநில அரசு 1951ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தில், கோயில்களும் மடங்களும் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று எழுதியது. அதற்கு வைத்த பெயர் பங்களிப்பு. அன்று சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியின் சிரூர் மடம் அதை எதிர்த்தது. 1954இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.கே. முகர்ஜியா எழுதிய தீர்ப்பு, பெயரை ஒதுக்கிவிட்டு இயல்பைப் பார்த்தது. வரி என்பது சட்டத்தின் பலத்தால் பொதுக் காரியத்துக்காகக் கட்டாயமாகப் பெறப்படுவது. கொடுப்பவருக்குத் தனியாக எந்தப் பலனும் தர வேண்டிய கடமை அதில் இல்லை. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு சேவைக்கு ஈடாகப் பெறப்படுவது. அந்தச் சேவைக்கு ஆகும் செலவோடு அது பொருந்த வேண்டும். மடங்களிடம் வாங்கிய தொகை மேற்பார்வைச் செலவோடு பொருந்தவில்லை, பொதுக் கருவூலத்தில் கலந்தது. ஆகவே அது வரி, அந்த வரியைப் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று முடிந்தது. பின்னாளில் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலைத் தளர்த்தின. சேவைக்கும் தொகைக்கும் காசுக்குக் காசு கணக்குப் பார்க்க வேண்டாம், பொதுவான பொருத்தம் இருந்தால் போதும் என்றன. அந்தப் பொருத்தமே இல்லாதபோது கட்டணம் வரியாகிவிடும் என்பது மட்டும் மாறவில்லை. இதை வக்கீல்களின் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. வரியைக் கூட்ட வேண்டுமானால் மக்கள் பிரதிநிதிகள் முன் மசோதா வர வேண்டும். கட்டணத்தைக் கூட்ட அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.

இந்த அளவுகோலை முதலில் பதிவுக் கட்டணத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். டி.என். 19 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுப்பது, இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சரிபார்ப்பது, உரிமையாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது, ஆர்.சி. அச்சிட்டுத் தருவது என்பதுதான் செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செய்யும் வேலை. 8 லட்ச ரூபாய் காருக்கும் 25 லட்ச ரூபாய் காருக்கும் அந்த வேலை ஒன்றே, கட்டணமும் ஒன்றே. இது கலப்பில்லாத கட்டணம். இதில் சாலைக்கான காசு ஒரு பைசாவும் இல்லை. அதே வண்டிக்கு 15 வயதாகிப் பதிவைப் புதுப்பிக்கப் போனால் கதை வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வயதைக் கடந்த வண்டிகளுக்கு அதுவும் இரட்டிப்பானது: காருக்கு 10,000, இருசக்கர வாகனத்துக்கு 2,000. ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது, ஆவணத்தைச் சரிபார்ப்பது, புதிய ஆர்.சி. அச்சிடுவது ஆகிய வேலைகள் 19 வயது காருக்கும் 21 வயது காருக்கும் மாறுவதில்லை. வேலை மாறாமல் தொகை மட்டும் இரட்டிப்பானால், கூடுதல் தொகை வேலைக்கானது அல்ல. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கவே இந்த உயர்வு என்று மத்திய அரசின் தரப்பில் சொல்லலாம். அந்த நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். புகை கக்கும் வண்டியைப் பிடிக்கப் புகைச் சோதனை இருக்கிறது, தகுதியற்ற வண்டியைத் தடுக்க ஆய்வு இருக்கிறது. அவற்றைத் தாண்டி, வயதாகிவிட்டது என்பதற்காகவே ஒரு சுமையை ஏற்றினால் அதன் இயல்பு வரி. வாகனத்தின்மேல் வரி போடும் அதிகாரமோ, ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமாக மாநிலச் சட்டமன்றத்திடம் இருக்கிறது. மத்திய விதிகளில் கட்டணம் என்ற பெயரில் அது நுழைவதை நான் ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறது. 2016 டிசம்பர் 29 அறிவிக்கையின்படி, புதுப்பிக்கத் தாமதித்தவர்களிடம் ‘கூடுதல் கட்டணம்’ வாங்கப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், அதற்குச் சட்டத்தில் அதிகாரமில்லை என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்தது ஆயுள் வரி. ‘ரோடு டாக்ஸ்’ என்று மக்கள் சொல்வது உண்மையில் இதைத்தான். அப்படிச் சொல்ல அவர்களுக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. வழியில் போகிறவனிடம் காசு வாங்கும் வழக்கம் இந்த மண்ணில் மிகப் பழையது. சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் நிலைத்தது. மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற படகுகள் பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டணம் செலுத்தியே போயின. அந்தக் காலத்தில் சாலைகளில் உள்ளாட்சி அமைப்புகள் சாவடி வைத்து, அதை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரர்கள் மூலம் சுங்கம் வசூலித்தன. மோட்டார் வண்டிகள் பெருகியதும் ஊருக்கு ஊர் நிறுத்திக் காசு கேட்பது தாங்க முடியாத தொல்லையாயிற்று. அதற்கு முடிவு கட்ட வந்ததுதான் 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம். மோட்டார் வண்டிகளுக்கு மாகாணம் முழுவதற்கும் ஒரே வரி. சாவடிச் சுங்கம் ஒழிப்பு. சுங்க வருமானத்தை இழந்த உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த மாநிலத்தில் மோட்டார் வாகன வரி பிறந்ததே சுங்கத்துக்குப் பதிலாகத்தான். சாவடியில் நிற்க வேண்டாம், மொத்தமாகக் கட்டிவிடு என்று அரசு மக்களோடு செய்துகொண்ட உடன்பாடு அது. ஆகவே 1931இல் அந்தப் பணத்தைச் சாலைப் பயன்பாட்டுக்கான விலை என்று யாராவது சொல்லியிருந்தால் அது முக்கால் பங்கு உண்மையாக இருந்திருக்கும்.

அந்த உடன்பாடு முறிந்த இடங்களில் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடற்கரை. 1931 சட்டத்தின் இடத்துக்கு 1974இல் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. வரி தொடர்ந்தது, வளர்ந்தது. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் எடுத்து நடத்த, 2002இல் அங்கே சாவடி முளைத்தது. ஜி.எஸ்.டி. சாலை நான்குவழியானபின் பரனூரிலும் ஆத்தூரிலும் சாவடிகள் வந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் ஐந்து சாவடிகள் வந்து, 2021 ஆகஸ்டில் நான்கும் 2023 அக்டோபரில் நாவலூரும் மாநில அரசின் முடிவால் வசூலை நிறுத்தின. சாவடியை ஒழிப்பதற்காகப் பிறந்த வரி இருக்கும்போதே சாவடி திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது எவரும் வரியைக் குறைக்கவில்லை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்றிருந்த இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பரனூரில் கேட்கப்படும் அந்தக் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. சாலையைப் பயன்படுத்துவதற்கான விலை சாவடியில் தனியாக வாங்கப்படுகிறது என்றால், ஆயுள் வரியை இனியும் அதே விலை என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை.

அடிப்படை இல்லை என்பதை வரியின் உடலமைப்பே காட்டுகிறது. பயன்பாட்டுக்கான விலை என்றால் பயன்பாடு கூடும்போது கூட வேண்டும், குறையும்போது குறைய வேண்டும். நெடுஞ்சாலைச் சுங்கம் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா என்று அடிப்படை வைத்து, லாரிக்கும் பல அச்சு வண்டிகளுக்கும் ஏற்றிக்கொண்டே போயின. ஆயுள் வரிக்கோ அளவுகோல் வண்டியின் விலை. நீலாங்கரையில் மழைக்காலம் முழுக்க உறைக்குள் நிற்கும் 25 லட்ச ரூபாய் கார் 5 லட்சம் கட்டுகிறது. திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நாளெல்லாம் ஓடும் 8 லட்ச ரூபாய் கார் ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டுகிறது. சாலை தேய்வதைக் கணக்கில் எடுத்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு, அச்சின்மேல் எடை இரட்டிப்பானால் சாலைச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும் என்பது. நம் நாட்டில் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஓர் அச்சுக்கு 2018இலிருந்து 11.5 டன் வரை அனுமதி. காரின் அச்சில் நிற்பது சுமார் 0.7 டன். கணக்கைப் போட்டால் அந்த ஒரு லாரி அச்சு செய்யும் சேதம் கார் அச்சு செய்வதைப்போல் எழுபதாயிரம் மடங்குக்கும் மேல். மதுராந்தகம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிவரும் டிப்பருக்கு எடையின்படிதான் வரி. அங்கே மட்டும் பழைய தர்க்கம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் எடைக்கு ஏற்ப ஏறும் அந்த வரியும் எழுபதாயிரம் மடங்கு என்ற கணக்கின் அருகில்கூட வராது. மின்வாகனமோ அதே சாலையில் அதே தூரம் ஓடுகிறது, பாட்டரியின் கனத்தால் எடையும் கூடுதல்; ஆயினும் தமிழ்நாடு அதற்கு ஆயுள் வரியிலிருந்து முழு விலக்கு அளித்தது. சூழலுக்காக அளித்த விலக்கு என்பதால் அதை வரவேற்கிறேன். சாலையின் விலையை இப்படித் தள்ளுபடி செய்ய முடியாது, வரியைத்தான் செய்ய முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரந்தோறும் பார்க்கும் பி.ஒய். எண் வண்டிகளும் இதையே சொல்கின்றன. வரி குறைவு என்பதால் பலர் புதுச்சேரியில் பதிந்துகொள்கிறார்கள்; ஓட்டும் சாலையோ தமிழ்நாட்டுடையது. வரி, பதிவான இடத்தைப் பார்க்கிறதே ஒழிய ஓடிய இடத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்தே வரும். ராஜஸ்தான் ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் 1962இல், மோட்டார் வரி சாலைக்கு ஈடுசெய்யும் வரி, ஆகவே வணிகச் சுதந்திரத்துக்கு அது தடையாகாது என்று நீதிமன்றம் சொன்னது. 1974இல் ஒடிசாவின் போலானி ஓர்ஸ் வழக்கில், சாலைக்கு வராமல் சுரங்கத்துக்குள்ளேயே உழலும் இயந்திரங்களுக்கு இந்த வரி எட்டாது என்றது. 2025 ஆகஸ்ட் 29 அன்று தாராசந்த் லாஜிஸ்டிக் வழக்கில், விசாகப்பட்டினம் உருக்காலையின் வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு வரியில்லை என்று தீர்ப்பளித்தபோது, மோட்டார் வாகன வரி ஈடுசெய்யும் தன்மையது, பொதுச் சாலையைப் பயன்படுத்துபவர் அதற்குக் கொடுப்பது என்று மறுபடியும் எழுதியது. நம் 1974 சட்டமும் பயன்படுத்தப்படும் அல்லது பயன்பாட்டுக்காக வைத்திருக்கப்படும் வண்டி என்றே பேசுகிறது. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் மீதிக் காலத்துக்கு ஆயுள் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவும் செய்கிறது. இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்புகள் வரியின் எல்லையைச் சொல்கின்றன, அளவைச் சொல்லவில்லை. சாலைக்கு வரும் வண்டிக்குத்தான் வரி என்பது எல்லை. அந்த எல்லைக்குள் வந்தபின் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது விலைச்சீட்டு. திரும்பக் கிடைக்கும் பகுதியும் ஆண்டுக் கணக்கில்தான் வருகிறது, ஓடிய தூரத்தின் கணக்கில் வருவதில்லை. மேலும் 2016 நவம்பர் 11 அன்று ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1962இல் பிறந்த ‘ஈடுசெய்யும் வரி’ என்ற கோட்பாட்டுக்கே சட்ட அடிப்படையில்லை என்று பெரும்பான்மையாக முடிவு செய்துவிட்டது. அந்தச் சொல் பிறகும் தீர்ப்புகளில் வருகிறது. வந்தாலும் அது வரியைக் கட்டணமாக்கிவிடாது.

இன்னொரு மறுப்பு நல்லெண்ணத்திலிருந்து எழுவது. சாலைக்கான விலை என்ற பெயர் இருந்தால்தானே, சாலை எங்கே என்று அரசைக் கேட்க முடியும். வரி என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பிடியும் போய்விடாதா? இதை இங்கிலாந்து சோதித்துப் பார்த்திருக்கிறது. 1920இல் வாகன வரியைச் சாலைகளுக்கென்றே ஒதுக்கிச் சாலை நிதியம் அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதிலிருந்து பொதுச் செலவுக்குப் பணம் எடுத்தார். 1930களின் இறுதிக்குள் ஒதுக்கீடு முறையே போயிற்று. நிதியம் மறைந்தபின்னும் ‘ரோடு டாக்ஸ்’ என்ற பேச்சுப் பெயர் மறையவில்லை. அங்கே மிதிவண்டிக்காரரைப் பார்த்து, நீ ரோடு டாக்ஸ் கட்டுகிறாயா என்று கேட்கும் மோட்டார்காரர்கள் இன்றும் உண்டு. பெயர் பணத்தைக் காப்பாற்றவில்லை. உரிமை பற்றிய ஒரு தவறான எண்ணத்தை மட்டும் விட்டுச் சென்றது. அதே எண்ணம் நம் கடற்கரையிலும் இருக்கிறது. கோவளத்திலும் நெம்மேலியிலும் மீன்கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்கள், கார்களின் வேகத்துக்கு நடுவே இடைவெளி தேடி நிற்கிறார்கள். அவர்கள் ஆயுள் வரி கட்டியவர்கள் அல்லர். ஆயுள் வரி சாலையின் விலையாக இருந்தால் விலை கொடுத்தவருக்கே முதல் உரிமை என்ற வாதத்துக்கு இடம் உண்டு. வரி என்றால் அந்த வாதம் எழவே முடியாது. வருமான வரி கட்டாதவருக்கு அரசு மருத்துவமனையில் இடமில்லை என்று யாரும் சொல்வதில்லை. வரியாகப் பார்க்கும்போதுதான் 25 லட்ச ரூபாய் காருக்கு 20 சதவீதம், ஸ்கூட்டருக்கு 10 சதவீதம் என்ற ஏற்றத்துக்கும் நியாயம் கிடைக்கிறது. இருப்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்பது வரியின் அறம். அதை மறைக்க அரசுக்குக் காரணமில்லை.

பெயரைச் சரியாக வைத்தால் சாவடியின் பொறுப்பு கூடுகிறது. லண்டனில் 2003இல் நெரிசல் கட்டணம் வந்தபோது, அது வரி, தூதரகங்களுக்கு வரிவிலக்கு உண்டு என்று சொல்லி அமெரிக்கத் தூதரகம் 2005 முதல் கட்ட மறுத்தது. சேவைக்கான கட்டணம்தான் என்று நகரப் போக்குவரத்து அமைப்பு இன்றும் வாதாடுகிறது. கட்டணம் என்று சொல்பவர், தான் தரும் சேவையை அப்படி நிரூபித்தாக வேண்டும். பரனூரில் நிரூபிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. தென்மாநிலச் சாவடிகளைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2023இல் வெளியானது. 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை பரனூரைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டணவிலக்குக் கணக்கில் காட்டப்பட்டிருந்ததை அது எடுத்துச் சொன்னது. பயன்படுத்துபவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையில் நிற்கும் ஒரு சாவடியில் பாதிப் பேர் கொடுக்காமல் போனதாகக் கணக்கு இருந்தால், அது கட்டணத்துக்கு உரிய ஒழுங்கில் நடக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 15 முதல் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 பயணங்கள் என்று தேசிய நெடுஞ்சாலைகளில் வருடாந்தர பாஸ் வந்தது. மாநில நிறுவனம் வசூலிக்கும் சாவடிகளில் அது செல்லாது. ஒரே மாவட்டத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் இரண்டு சாலைகளுக்கு இரண்டு நியதி. எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவானது, இதுவரை எவ்வளவு வசூலானது, இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கணக்கைச் சாவடியிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைப்பதுதான் கட்டணம் என்ற சொல்லுக்குச் செய்யும் மரியாதை.

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சோழிங்கநல்லூர், பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் என்று ஏழு தொகுதிகளின் உறுப்பினர்கள் சட்டப்பேரவையில் உட்காருகிறார்கள். வாகன வரி அவர்களுடைய அதிகாரம். அந்த அதிகாரம் மத்திய விதியின் ஒரு வாசகத்தில் 10,000 ரூபாய்க் கட்டணமாக வெளியே போயிருக்கிறது. 20 வயது கார்மேல் அந்தச் சுமை வேண்டும் என்று கருதினால், அதை வரி என்று பெயர் சொல்லி ஒரு மசோதாவாகக் கொண்டுவந்து, அவையில் பேசி, வாக்களித்து நிறைவேற்றட்டும். வேண்டாம் என்றால், பதிவேட்டில் ஒரு பெயரைப் புதுப்பிக்க என்ன செலவாகுமோ அதை மட்டும் வாங்கும்படி மத்திய அரசைக் கேட்கட்டும். இரண்டில் எதையும் அவர்கள் ஒரே கூட்டத்தொடரிலேயே செய்யலாம்.